மணி காட்டுவதா, கெடு வைப்பதா?
‘டைமர்’ என்னும் சொல்லின் பொருள் குறித்து

கடிகாரத்தைப் ‘பார்க்கிறோம்’, டைமரை ‘வைக்கிறோம்’. தமிழ்ப் பேச்சு இந்த இரண்டு வினைகளையும் கலப்பதில்லை. ‘மணி பார்த்துச் சொல்லு’ என்பார்கள். ‘டைமர் பார்த்துச் சொல்லு’ என்றால் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று கேட்பதாகத்தான் பொருள். அகராதிகளோ டைமரைக் கடிகாரக் குடும்பத்தில் ஓர் உறுப்பாக மட்டுமே வைத்து, நேரங்காட்டி, நேரமானி என்ற வரிசையில் அதற்குப் பெயர் தேடுகின்றன. பேச்சு பிரித்து வைப்பதை அகராதி ஏன் சேர்க்கிறது? டைமர் என்பது நேரத்தை அளக்கும் பொருளா, நேரம் தீர்ந்ததை அறிவிக்கும் பொருளா, தீர்ந்ததும் ஒரு செயலை நிறுத்தும் பொருளா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றாசிரியர், மொழியியலாளர், மின்னணுப் பொறியாளர் ஆகியோர் தரும் விடைகள் ஒன்றுபோல் இல்லை. அந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் வரிசையாகப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

ஆளும் கருவியும்

ஆங்கிலத்தில் இச்சொல் இரண்டு வழிகளில் உருவாகிறது. ஒன்று, நேரத்தைக் குறித்தல் என்ற வினையிலிருந்து வருவது. ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தற்கடிகாரத்தோடு நிற்பவரும் டைமர்தான், அவர் கையில் இருப்பதும் டைமர்தான். மற்றொன்று, பெயர்ச்சொல்லோடு விகுதி ஒட்டி வருவது. ‘பார்ட் டைமர்’, ‘ஓல்டு டைமர்’ போன்றவை இவ்வகை. இங்கே யாரும் எதையும் அளப்பதில்லை. ஒரு காலத்தைச் சேர்ந்தவர், இவ்வளவு காலத்துக்கு உரியவர் என்பதே பொருள். தமிழ்நாட்டு இடதுசாரிக் கட்சிகளில் முழுநேர ஊழியரை ‘ஹோல் டைமர்’ என்று சொல்லும் வழக்கம் இந்த இரண்டாம் வகையிலிருந்து வந்தது.

மொழியியலாளர் சிலர் இவ்விரண்டையும் தொடர்பற்ற தனிச்சொற்களாகவே கொள்வர். வடிவ அளவில் அது சரி. ஆனால் ‘டைம்’ என்ற சொல்லே, ‘பகுத்தல்’ என்று பொருள்படும் மிகப் பழைய வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அதை ஏற்றால் இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு கரு தென்படுகிறது: முழுக் காலத்திலிருந்து ஒரு பங்கை வெட்டி எடுத்துக் கொடுத்தல். வேர்ச்சொல்லை வைத்து இன்றைய பொருளைத் தீர்மானிப்பது ஆபத்தான வேலை. ஆகவே இதைச் சான்றாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரம் முந்தியதா?

பரவலான கருத்து, டைமர் கடிகாரத்தின் எளிய வடிவம் என்பது. முழு நாளையும் காட்டும் பெரிய கருவி முதலில் வந்தது, அதிலிருந்து ஒரு துண்டு நேரத்தை மட்டும் அளக்கும் சிறு கருவி பிரிந்தது என்று இவர்கள் கொள்கிறார்கள். சமையலறையில் முறுக்கி வைக்கும் டைமரையும் கைபேசியில் கடிகாரச் செயலிக்குள் ஒரு மூலையில் இருக்கும் டைமரையும் பார்த்தால் இது இயல்பாகத்தான் தோன்றும்.

வரலாறு இதற்கு முழுதாக ஒத்துழைப்பதில்லை. ஏதென்ஸ் நீதிமன்றங்களில் ஒவ்வொரு தரப்பும் பேச வேண்டிய நேரத்தை நீர்க்கலம் அளந்தது. அந்நகரின் பழைய சந்தைவெளியில் கிடைத்த ஒரு கலத்தில் ஏறத்தாழ 6 லிட்டர் நீர் கொள்ளும். அது வடிய ஏறத்தாழ 6 நிமிடம் ஆகும். சட்டப் பகுதிகளையோ சாட்சியத்தையோ படிக்கும்போது துளையை அடைத்துவிடுவார்கள். அந்த நேரம் பேசுபவரின் கணக்கில் சேராது. அப்போது பகலில் எத்தனையாவது மணி என்பது அந்தக் கலத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 1883இல் லண்டன் சதுரங்கப் போட்டியில் அறிமுகமான இரட்டைக் கடிகாரம் செய்வதும் இதைத்தான்: என் நீர் வடியும்போது உன் நீர் நிற்கும்.

இதற்கு மறுதலையாக, டைமரே மூத்தது, கடிகாரம் பின்னால் வந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. மணற்கடிகையைப் பலரும் பண்டைய கருவி என்று நினைக்கிறார்கள். ஆனால் அதன் ஐயமற்ற முதல் சித்திரம், இத்தாலியின் சியனா நகரில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338இல் வரைந்த சுவரோவியத்தில்தான் இருக்கிறது. எந்திரக் கடிகாரம் ஐரோப்பாவில் தோன்றியது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதாவது பற்சக்கரக் கடிகாரத்தைவிட மணற்கடிகை மூத்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மணற்கடிகை கடலில் செய்த வேலை இன்னும் சுவையானது. முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கப்பலின் பின்னால் விட்டு, 28 வினாடி மணல் சரிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறது என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கு இடையே 47 அடி 3 அங்குலம். இந்த அளவை வைத்தால் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல்மைல் என்று ஆகிவிடும். கப்பலின் வேகத்துக்கு ‘முடிச்சு’ என்ற அலகு வந்தது இப்படித்தான். இங்கே டைமர் சொன்னது நேரத்தை அல்ல, வேகத்தை.

கன்னலும் வட்டிலும்

தமிழுக்குள் இந்தக் கேள்வி வேறு வடிவில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்குக் கழிந்த நாழிகையைக் கணித்துச் சொல்வோர் வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது குறுநீர்க் கன்னல். அகநானூற்றுப் பாடலொன்றில், மழைமேகம் கவிந்து ஞாயிற்றின் போக்கே தெரியாத நாளில் கன்னலை எண்ணுவோருக்கு மட்டுமே பொழுது தெரிகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மக்களை வரிசைப்படுத்தும்போது நாழிகைக் கணக்கரையும் சேர்க்கிறது. ஆக, கருவி ஒன்று உண்டு, அதைக் கண்காணிக்கும் தொழிலரும் உண்டு. கருவி எப்படி வேலை செய்தது?

இரண்டு விடைகள் உள்ளன. முதலாவது, அது மூழ்குவட்டில் என்பது. அடியில் ஊசித்துளையிட்ட செப்புக் கிண்ணத்தைப் பெரிய கலத்து நீரில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி, நிறைந்ததும் கிண்ணம் மூழ்கும். அந்தக் கணமே ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட வேண்டும்; ஒரு நாளில் 60 முறை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கன்னலுக்கு நாழிகை வட்டில் என்றே பொருள் கொள்கிறார். ‘வட்டில்’ கிண்ணம்தான் என்பதால் மூழ்கும் கிண்ணமே நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது விடை, அது வடிகலம் என்பது. இதற்கு ஆதாரமாகச் சொல்லத்தக்கது ‘நாழிகை’ என்ற சொல்லேதான். நாழி என்றால் உட்டுளை உடைய குழல். அம்பு வைக்கும் குழல் ஆவநாழி. வடமொழியில் நாளிகை, நாடிகை என்று வழங்குவதும் குழாய்ப் பொருளுடையதே. அர்த்தசாஸ்திரம் நாளிகையை வரையறுக்கும் முறை வடிதல்தான்: 4 மாஷகப் பொன்னை 4 விரல் நீளக் கம்பியாக இழுத்து, அந்தக் கம்பியின் பருமனுக்குக் குடத்தில் துளையிட்டு, அதன் வழியே ஓர் ஆடக அளவு நீர் வடியும் நேரம். ஜே. எஃப். ஃப்ளீட் 1915இல் இந்திய நீர்க்கடிகை பற்றி எழுதியதிலிருந்து, எஸ். ஆர். சர்மா இந்திய வானியல் கருவிகளைத் தொகுத்து ஆராய்ந்தது வரை, இந்தியாவில் முதலில் வடிகலமும் பின்னர் மூழ்குவட்டிலும் வழங்கின என்ற வரிசை பொதுவாக ஏற்கப்படுகிறது. மூழ்குவட்டில் ஆரியபடர் காலத்தை ஒட்டிய வானியல் நூல்களில் தெளிவாகத் தெரிகிறது. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாளந்தாவில் தங்கிய சீனத் துறவி யிஜிங், கிண்ணம் மூழ்குவதையும் முரசு அறையப்படுவதையும் விவரிக்கிறார்.

இந்த வரிசையை ஏற்றால் நச்சினார்க்கினியரின் விளக்கத்தைச் சற்று எச்சரிக்கையோடு அணுக வேண்டியிருக்கிறது. அவர் வாழ்ந்தது முல்லைப்பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி. அவர் காலத்தில் நாடெங்கும் வழங்கியது மூழ்குவட்டில். தன் கண்முன் இருந்த கருவியைப் பழைய சொல்லுக்குப் பொருளாக அவர் தந்திருக்கக்கூடும். ஆனால் இந்த வாதமும் ஓரளவுக்குத்தான் செல்லும். குழல் என்று பொருள்படும் சொல், கருவி மாறிய பிறகும் அலகின் பெயராக நிலைத்திருக்கலாம். இன்று மணியே அடிக்காத கருவியில் ‘மணி’ பார்க்கிறோம் அல்லவா. ‘குறுநீர்’ என்ற அடைமொழி இரண்டு கருவிக்கும் பொருந்தும். பாடல்களின் சொற்களை மட்டும் கொண்டு முடிவு கட்ட முடியாது என்பதே நேர்மையான நிலை.

இதனோடு தொடர்புடைய மற்றொரு சர்ச்சை, வடிகலம் எங்கிருந்து வந்தது என்பது. வேதாங்க ஜோதிடத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் 3:2 என்ற விகிதம் வருவதைக் கொண்டு, டேவிட் பிங்ரீ 1973இல் அந்த விகிதத்தையும் வடிகலத்தையும் மெசொப்பொத்தேமியக் கடன் என்றார். யுகியோ ஓஹாஷி, அந்த விகிதம் வட இந்தியாவிலேயே கண்டறிந்து வகுத்திருக்கக்கூடியது என்று மறுத்தார். பிங்ரீயின் வாதம் நூல்களுக்கிடையிலான ஒப்புமையை நம்புகிறது. ஒப்புமை மட்டும் கடனுக்குச் சான்றாகாது என்பதே அதன் பலவீனம்.

மூழ்குவட்டிலின் அருமை, அதற்கு அளவுகோல் தேவையில்லை என்பதில் இருக்கிறது. வடிகலத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும். எனவே பாத்திரத்தின் வடிவத்தையோ கோடுகளின் இடைவெளியையோ மாற்ற வேண்டும். மூழ்கும் கிண்ணத்துக்கு நிறைந்தது, நிறையாதது என்ற இரண்டே நிலை. கிண்ணத்தின் எடை இத்தனை பலம், துளையின் அளவு இவ்வளவு என்று பழைய நூல்கள் விதித்ததை 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கராசாரியர் பொருட்படுத்தவில்லை; எந்தக் கிண்ணமானாலும் ஒரு நாளில் எத்தனை முறை மூழ்குகிறது என்று பார்த்து வகுத்துக்கொள் என்பதே அவர் நிலை. அவர் பெயரோடு ஒட்டிய கதையொன்றும் உண்டு. மகள் லீலாவதியின் முகூர்த்தத்துக்கு வைத்த வட்டிலில் முத்தொன்று விழுந்து துளையை அடைத்துவிட, நல்ல நேரம் தெரியாமலே கடந்துபோனதாம். 16ஆம் நூற்றாண்டில் ஃபைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பில் வரும் இக்கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. டைமரை நம்பி இருப்பவருக்கு எது அச்சம் என்பதை மட்டும் அது சரியாகப் பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வட்டிலுக்கு எண்ணத் தெரியாது. முப்பதாவது முறை மூழ்கினாலும் முதல் முறை போலத்தான் மூழ்கும். எண்ணிக்கையை மனத்தில் வைத்திருப்பவர் கணக்கர். ஊருக்குச் சொல்வது முரசு அல்லது மணி. பாபர் தம் நினைவுக்குறிப்பில் இந்திய நாழிகைக்காரர்களைப் பற்றி எழுதும்போது, இரவில் அடிகளைக் கேட்டு விழிப்பவருக்கு அது எந்த யாமத்து நாழிகை என்று தெரியவில்லை என்பதைக் கண்டு, யாமத்தையும் சேர்த்து அடிக்கச் செய்ததாகச் சொல்கிறார். வட்டில் மட்டும் இருந்தால் அது டைமர். வட்டிலும் கணக்கரும் முரசும் சேர்ந்தால்தான் கடிகாரம்.

இதை நீட்டித்து, எந்தக் கடிகாரத்துக்குள்ளும் ஒரு டைமரும் ஓர் எண்ணுபவரும் உண்டு எனலாம். இன்றைய குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சுற்று அதை எண்ணி ஒரு வினாடி என்கிறது. ஆயினும் ஒரு மறுப்பு நிற்கிறது. படிகம் தானே ஓயாமல் அதிர்கிறது. அதை யாரும் ‘வைப்பதில்லை’. ‘வை’ என்ற வினைதான் டைமரின் அடையாளம் என்றால் படிகத்தை அப்படி அழைப்பது உவமையாகவே முடியும்.

வேலையே அளவாகும்போது

மூன்றாவது நிலைப்பாடு சமூக வரலாற்றாசிரியர்களுடையது. இ. பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தொழிற்சாலைக்கு முந்தைய மக்கள் நேரத்தைக் கொண்டு வேலையை அளக்கவில்லை, வேலையைக் கொண்டு நேரத்தை அளந்தார்கள் என்றார். மடகாஸ்கரில் அரை மணி என்பது ஒரு சோறு வேகும் நேரம். நொடிப்பொழுது என்பது வெட்டுக்கிளி வறுபடும் நேரம். நம்மிடம் வெற்றிலை போடும் நேரம் உண்டு. தொல்காப்பியம் எழுத்தொலியின் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடியாலும் வரையறுத்தது; அந்த நொடிதான் இன்று வினாடிக்கு மறுபெயர்.

தாம்ப்சனின் பிரிவு மிகக் கூர்மையானது என்ற விமர்சனம் உண்டு. பால் க்ளென்னியும் நைஜல் த்ரிஃப்ட்டும் 2009இல் வெளியிட்ட நூலில், தொழிற்புரட்சிக்கு நெடுங்காலம் முன்பே இங்கிலாந்தின் சாதாரண மக்கள் மணிக்கணக்கில் பேசிப் பழகியிருந்ததைக் காட்டினர். எதிர்த்திசையிலும் அது உடைகிறது: கடிகாரம் எல்லா வீட்டுக்கும் வந்த பிறகும் வேலைக்கணக்கு மறையவில்லை. தமிழ்நாட்டுச் சமையலறையில் பருப்பு வேக எத்தனை நிமிடம் என்று கேட்பவர் குறைவு. எத்தனை விசில் என்பதே கேள்வி. குக்கருடன் வரும் கையேடுகள் பொதுவாக முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணச் சொல்கின்றன. சமைப்பவர்கள் அதை மதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ‘மூணு விசில்’ என்பது காலமா? தீ பெரிதானால் விசில் விரைந்து வரும், பாத்திரம் நிறைந்திருந்தால் முதல் விசிலே தாமதமாகும். அது நேரத்தை அல்ல, அடுப்பு ஊட்டிய வெப்பத்தைத் தோராயமாக எண்ணுகிறது. இதை டைமர் என ஏற்றால் ‘நேரத்தை அளப்பது’ என்ற வரையறையே தளர்ந்துவிடும்.

கபடி இன்னும் நல்ல சோதனை. எதிரணிக் களத்துக்குள் பாடிச் செல்பவரின் மூச்சே அவருக்கான கெடு. மூச்சு ஒவ்வொருவருக்கும் வேறு என்பது ஆட்டத்தின் குறை அல்ல, திறமையின் பகுதி. இப்போது 30 வினாடிக் கணக்கு வந்துவிட்டது, ஆனாலும் பாட்டு நீக்கப்படவில்லை. ஒரே செயலின்மேல் இரண்டு டைமர்கள், ஒன்று உடலுக்குள்ளும் மற்றது பலகையிலும் ஓடுகின்றன. எல்லாருக்கும் ஒரே அளவாக இருப்பது டைமரின் இலக்கணமா என்று கபடியைப் பார்த்தால் கேட்கத் தோன்றும்.

அளப்பதிலிருந்து ஆணைக்கு

20ஆம் நூற்றாண்டில் சொல்லின் எடை வேறு பக்கம் சாய்ந்தது. 1935இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத் தெருவில் நட்ட பார்க்கிங் மீட்டர், காசுக்கு நேரத்தை விற்றது. கெடு தீர்ந்தால் அபராதம். அதன்பின் சலவை இயந்திரம், தெருவிளக்கு, வயல் மோட்டார் என எங்கும் டைமர் செய்வது அறிவித்தல் அல்ல, இயக்குதலும் நிறுத்துதலும். பொறியாளரிடம் கேட்டால் டைமர் என்பது குறித்த தாமதத்துக்குப் பின் நிலையை மாற்றும் சுற்று என்பார்.

ஹான்ஸ் காமன்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த 555 சில்லு இந்த விளக்கத்தின் உருவம். மின்தடை வழியே மின்தேக்கி மெல்ல நிறைகிறது; கொடுத்த மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் வெளியீடு மாறுகிறது. துளை வழியே நீர் ஏறி நிறையும் வட்டில் போலத்தான் இதுவும். மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் தாமதம் பெரிதாக மாறாது, ஏனெனில் சில்லு பார்ப்பது அளவை அல்ல, விகிதத்தை. உள்ளே மூன்று 5 கிலோ ஓம் மின்தடைகள் இருப்பதால் 555 என்ற பெயர் வந்தது என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. அந்த எண் ஏதோ ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றே காமன்சிண்ட் சொன்னார்.

பொறியாளர் விளக்கத்துக்கும் விளிம்பு உண்டு. கணினிகளில் ‘காவல்நாய் டைமர்’ என்று ஒன்று இருக்கிறது. அது முடிவதற்காக வைப்பதல்ல, முடியாமலிருக்க வைப்பது. நிரல் சரியாக ஓடும்வரை அதை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவைக்கும். நிரல் சிக்கிக்கொண்டால் கெடு தீர்ந்து, கணினி மறுதொடக்கம் பெறும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கமானது இப்படித்தான். கெடு தீர்வதே பிழையின் அறிகுறியாகும் இந்தக் கருவியை, அறிவிப்பது என்றோ அளப்பது என்றோ சொல்லிவிட முடியாது.

தமிழில் என்ன பெயர்?

நேரங்காட்டி, நேரமானி, நேரக்கணிப்பி என்பன போன்ற ஆக்கங்கள் புழக்கத்துக்கு வராததற்குச் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. ‘காட்டி’, ‘மானி’ இரண்டும் பார்க்கும் கருவிக்கு உரிய பின்னொட்டுகள். வைக்கும் கருவியின் பண்பை அவை தொடவில்லை. கடிகாரத்துக்கே நேரங்காட்டி என்று பெயர் கொடுத்துவிட்டால் டைமருக்கு மிஞ்சுவது என்ன? இலங்கைத் தமிழில் கடிகாரம் ‘மணிக்கூடு’, மணிநேரம் ‘மணித்தியாலம்’ என்று வேறு மரபு இருந்தாலும், அவையும் மணி சார்ந்த சொற்களே. கைபேசி தமிழ் பேசினாலும் டைமர் டைமராகவே நிற்கிறது.

பொருளால் நெருங்கிய பழஞ்சொல் ஒன்று உண்டு: கெடு. கெடுவையும் ‘வைக்கிறோம்’. கெடுவும் தீர்கிறது. கெடுவும் தீர்ந்ததும் ஏதாவது நடக்க வேண்டும். கடன்காரர் மொழியில் பிறந்த ‘தவணை’யும் இதன் உறவினரே. ஆனால் சமையலறையில் ‘கெடுமானி’ என்று ஒரு பொருளை வைத்தால் சோறு கெட்டுப்போனதை அளக்கிறதோ என்று கேட்பார்கள். வினையடியோடு மோதும் சொல்லை ஆக்கத்துக்குப் பயன்படுத்துவது எளிதல்ல. நாழிகையை மீட்கலாம் என்பாரும் உண்டு. ‘நாழியாச்சு’ இன்னும் சில வீடுகளில் உயிரோடிருக்கிறது. பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ டைமரைக் கொண்டு பரப்பிய 25 நிமிட வேலைமுறையும் நாழிகையை ஒரு நிமிடத்தில் தவறவிட்டதுதான். எனினும் நாழிகை அலகின் பெயர். அதைக் கருவிக்கு ஏற்றினால் சோதிடர் கணக்கோடு குழம்பும். ‘கன்னல்’ என்ற சொல்லிலோ கரும்பு என்ற பொருள் முந்திக்கொண்டது.

எஞ்சியிருப்பவை

டைமர் கடிகாரத்தின் குறுவடிவம் என்ற கருத்து வரலாற்றுச் சான்றில் பலவீனமானது. அதைத் தலைகீழாக்கி டைமரே முதல் என்பதற்கும் போதிய சான்று இல்லை. வேலைக்கணக்கு பற்றிய தாம்ப்சனின் பார்வை ஒரு கால எல்லைக்குள் அடங்காமல் இன்றைய குக்கர் வரை நீள்வதால், அதைத் தொழிற்சாலைக்கு முந்தைய நிலை என்று ஒதுக்க முடியவில்லை. பொறியாளரின் வரையறை துல்லியமானது, ஆனால் விசிலையும் மூச்சையும் வெளியே தள்ளிவிடுகிறது. மூன்றுக்கும் இடமளிக்கும் வரையறையாக இதுவரை முன்வைக்கப்பட்டவற்றில் ‘வைப்பது’ என்ற வினையை ஒட்டியதே ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதற்கும் அலாரம் ஒரு சிக்கல்: அதையும் வைக்கிறோம், ஆனால் அது காத்திருப்பது ஓர் இடைவெளிக்காக அல்ல, ஒரு மணிக்காக.

கன்னல் பற்றிய கேள்வி இவை எல்லாவற்றையும்விட எளிதாகத் தீரக்கூடியது. காலம் உறுதியாகத் தெரிந்த தமிழ்நாட்டு அகழாய்வு அடுக்கு ஒன்றில், அடியில் ஊசித்துளையுடன் மெல்லிய செப்புக் கிண்ணமோ, பக்கவாட்டில் குழல் பொருத்திய கலமோ கிடைத்தால் போதும். துளை மட்டும் இருந்தால் போதாது. துளையுள்ள பாத்திரங்களுக்கு வடிகட்டுவது, ஆவியில் வேகவைப்பது என்று வேறு வேலைகளும் இருந்தன. நீரில் மிதக்கவிட்டு, கையில் ஒரு நிறுத்தற்கடிகாரத்தோடு, அது 24 நிமிடத்தில் மூழ்குகிறதா என்று பார்க்க வேண்டும்.